ஆறரை இஞ்ச் போனுக்கு ஒரு ட்ரையல்

பெருமதிப்பிற்குரிய துறைமுகத்து மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அப்பாவின் தும்மல் நின்றுவிட்டது. அம்மாவின் கோபம் மட்டும் இன்னும் நிற்கவில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. அங்கே நீங்களும் அத்தையும் நீங்கள் ஓட்டும் கிரேனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

இரண்டு வாரம் முன்பு நீங்கள் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அந்தச் சின்ன போனைத் தூக்கிப் போட்டுட்டு பெரிய ஸ்கிரீன் போன் ஒண்ணு வாங்கி அனுப்பவா? வேணுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நம் வீட்டுப் பழைய போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் மாடிப்படி வரைக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதச் சொன்னால் மட்டும் எழுதிவிடுவேன். உங்களோடு வேலை செய்யும் வெல்டர் அண்ணன் லீவு முடிந்து நாளை காலை கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம். அத்தை இருந்தால் பரவாயில்லை.

நீங்கள் போனை வைத்ததும் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பா வேண்டும் கட்சி. மோட்டார் ரிப்பேர் செய்யும் வீடியோக்களை அவர் இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார், பெரிய போன் வந்தால் இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்கிறார். அம்மா வேண்டாம் கட்சி. "இப்ப அவன் வீடியோல வந்தா என் மூக்கு மட்டும்தான் தெரியுது. அதுவே போதும். பெரிய போன் வந்தா சுவத்துல இருக்கற எண்ணெய்க் கறை, கொடியில காயற துணி எல்லாத்தையும் அவன் பொண்டாட்டி உக்காந்து பார்ப்பா" என்றாள். அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது, அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கையில பிடிச்சுப் பார்க்காம எப்படி வேண்டாம்னு சொல்ற?" என்றார் அப்பா. "வராத போனை எப்படிங்க கையில பிடிக்கிறது?" என்றாள் அம்மா. அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்து தப்புச் செய்தேன். "ட்ரையல் போட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

எங்கள் தையல் பட்டறையில் அதுதான் வழக்கம். நல்ல துணியில் நேராகக் கத்தரி வைக்க மாஸ்டர் விடமாட்டார். முதலில் பழைய துணியில் வெட்டி, ஊசி குத்தி, ஆள்மேல் போட்டுப் பார்த்து, எங்கே இழுக்கிறது எங்கே தொங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் நல்ல துணியை விரிப்பார். இதையெல்லாம் நான் இரண்டு வருடமாக என் முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை பட்டன் நுழையும் ஓட்டைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் மட்டும்தான். அதனால் அங்கே என் பெயரே பட்டன். மாமா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அந்தக் கட்டிங் மேஜையில் நின்று துணி வெட்ட வேண்டும். இது மாஸ்டருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவில்லை. "கேளேன்டி, கடிச்சா வெச்சிடுவார்?" என்று துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்கா தினம் பிடித்துத் தள்ளுவாள். நானும் போய் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். "ஊசி தீர்ந்துடுச்சு மாஸ்டர்" என்று சொல்லி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இப்போது என் டப்பாவில் முப்பத்திரண்டு பாக்கெட் ஊசி இருக்கிறது.

சரி, போன் கதைக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அளவை எழுதி வைத்திருந்தேன். நீளம் ஆறரை இஞ்ச், அகலம் மூன்று இஞ்சுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், கம்மி. சட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டையை நான்காக வெட்டி ஒட்டினேன். எடை வேண்டும் என்பதற்காக நடுவில் பழைய கோட்டுப் பட்டன்களை வைத்து, கறுப்பு ரெக்சினைச் சுற்றி, முகப்பில் பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினேன். மூலை நான்கையும் வட்டமாக வெட்டுவதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. நானே சொல்லக் கூடாது, இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் போன்தான். அம்மா அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பாத்திரத்தைக் கிளறிப் பார்த்தாள். "கட்டைவிரல் மூலைக்கு எட்டல. தோத்துப்போச்சு" என்றாள். அப்பா அதைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார். "தூரம் சரியா இருக்கு" என்றார். அட்டையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சாப்பிட்ட மனிதரிடம் அம்மா அதற்குமேல் பேசவில்லை. ஒரு வாரம் நான் வேலைக்கு எடுத்துப் போய் வர வேண்டும், அதன் பிறகு முடிவு என்று தீர்மானமாயிற்று.

முதல் நாளே என் சட்டைப் பாக்கெட்டில் அது பாதிதான் இறங்கியது. உட்கார்ந்தால் விலாவில் குத்தியது. பாக்கெட்டைப் பிரித்து இரண்டு விரற்கடை இறக்கித் தைத்தேன். "போனுக்காக பாக்கெட்டை மாத்தற. நாளைக்கு போனுக்காக வீட்டை இடிச்சுக் கட்டுவ" என்றாள் அம்மா. இரண்டாம் நாள் மாடி வீட்டு நர்ஸம்மா படியில் என்னை நிறுத்தி, "புதுசா? மாமா அனுப்பினாரா?" என்று கேட்டார். இது அட்டை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை, சிரித்தேன். சிரித்ததற்கு அவர் ஆமாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார். அன்று மாலை அவர் மகளுக்குப் பிறந்தநாள். என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் பதினோரு பேரை வரிசையாக நிற்கவைத்து, "பெரிய போன்ல ஒண்ணு எடும்மா, எல்லாரும் அடங்கணும்" என்றார். நான் என்ன செய்வேன் மாமா? அட்டையைத் தூக்கிப் பிடித்து, பின்னால் இரண்டு அடி போய், குட்டையானவர்களை முன்னால் வரச் சொல்லிக் கை காட்டி, மூன்று படம் எடுத்தேன். "சத்தமே வரலையே" என்றார் நர்ஸம்மாவின் கணவர். "நல்ல போன்ல சத்தம் வராதுங்க" என்று நர்ஸம்மாவே பதில் சொன்னார். அந்தப் படங்களை அனுப்பச் சொல்லி இன்றுவரை கேட்கிறார்கள். அதனால்தான் அம்மாவுக்குக் கோபம். நான்கு நாளாக நாங்கள் குடும்பத்தோடு பின்பக்கப் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள் ஒரு நல்ல விஷயத்தைக் கண்டுபிடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் எல்லோரும் என்னை ஏதாவது கேட்பார்கள், ஏன் பேசமாட்டேங்கற, வீட்டுலயும் இப்படித்தானா என்று. அந்த அட்டையைக் காதில் வைத்துக்கொண்டு பின் ஜன்னல் ஓரம் போய் நின்றால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. "பட்டன் போன்ல இருக்கு, விடு" என்று இஸ்திரி போடும் அண்ணன் மற்றவர்களை அடக்குகிறார். முதலில் சும்மா நின்றேன். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று அடுத்த நாள் "ம், ம்" என்றேன். அதற்கடுத்த நாள், மாமா, உங்களோடு பேசவே தொடங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்றால் எனக்கு எவ்வளவு பேச்சு வருகிறது என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"காஜா எடுக்கறது கஷ்டமில்ல மாமா. ஆனா வெட்டணும்னு ஆசையா இருக்கு. மாஸ்டர் கத்தரி போற சத்தம் கேட்டா எனக்குக் கை நின்னுடுது. கழுத்து வளைவுல அவர் எந்த இடத்துல துணியைத் திருப்புவார்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கேக்கத்தான் பயமா இருக்கு" என்றேன். நானே பேசிக்கொண்டிருந்தால் போன் போல இருக்காது என்று நீங்கள் பேசுவதற்காக நடுநடுவே இடம் விட்டேன். விட்ட இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே. "ஐயோ, அப்படில்லாம் சொல்லாதீங்க மாமா. மாஸ்டர் அந்த மாதிரி ஆள் இல்ல" என்றேன். இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, "வேண்டாம் மாமா, நீங்க நேர்ல எல்லாம் வர வேண்டாம்" என்றேன். திரும்பினால் மாஸ்டர் கையில் தண்ணீர் டம்ளரோடு நிற்கிறார்.

"யாரு?" என்றார்.

"மாமா."

"என்ன வேலை பார்க்கிறார்?"

"கிரேன் ஓட்டறார்."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே அந்தத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு போய்விட்டார். அன்று மாலை வரை நான் பட்டனைத் தைத்தேனா என் விரலைத் தைத்தேனா என்று தெரியாது.

மறுநாள் காலை என் முக்காலியில் ஒரு பழைய மெத்தை உறை மடித்து வைத்திருந்தது. "சனிக்கிழமை சின்னப் புள்ள கவுன் ஒண்ணு வெட்டு. கழுத்து வட்டம், கை குட்டை. யாரையும் கேக்கக் கூடாது" என்றார் மாஸ்டர், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து. நேற்று வெட்டினேன், மாமா. மேஜை என் உயரத்துக்கு அதிகம், பலகை மேல் ஏறி நின்றேன். ஓவர்லாக் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி கனமாக இருந்தது, ஆனால் கழுத்து வந்ததும் கை தானாகவே நின்று துணியைத் திருப்பியது. மாஸ்டர் வெட்டிய துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கழுத்து ஒழுங்கா இருக்கு. இடது கை வளைவு ரெண்டு நூல் வெளிய போயிருக்கு. அடுத்த வாரம் முழுக்கப் பழைய துணில வெட்டு. அதுக்கு அடுத்த திங்கக்கிழமை நல்ல துணி தரேன்" என்றார். ஓவர்லாக் அக்கா என் முதுகில் அறைந்த அறை இன்னும் வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

ஆகையால் மாமா, நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையை இப்போது சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். பெரிய போன் வந்தால் அது அடிக்கும், எடுக்க வேண்டும், எடுத்தால் எதிர்ப்பக்கம் நிஜமாகவே ஆள் இருப்பார். ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அட்டை போன் எனக்குப் போதுமான அளவு செய்துவிட்டது. ஒரு வாரம் சார்ஜ் போடவில்லை, இரண்டு முறை கீழே விழுந்தது, ஒரு கீறல் இல்லை. அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் ஜக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அம்மா ஜெயித்ததில் சுவரைத் துடைக்காமல் நிம்மதியாக இருக்கிறாள். போனுக்கு எடுத்து வைத்த பணத்தில் அத்தைக்கு வேண்டியது ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

வேறு விசேஷம் இல்லை. உயரத்தில் ஏறும்போது குனிந்து பார்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். உங்கள் இருவருக்கும் எங்கள் மூவரின் அன்பும், என்னுடைய தனி வணக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை மறந்துவிடவும். போன் வேண்டும். உறையை ஒட்டப் போகும்போது ஓவர்லாக் அக்கா வீட்டுக்கு வந்தாள். "மாஸ்டர் உன் மாமாகிட்ட பேசணுமாம்டி. நல்ல துணியைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி, வர்ற சனிக்கிழமை மத்தியானம், அந்தப் பெரிய போன்லயே போட்டுத் தரச் சொன்னார். 'அந்தக் கிரேன்காரர் என்னைப் பத்தி என்ன சொன்னார்னு நானே கேட்டுக்கறேன்'னு சொல்றார்" என்றாள். அதனால் கடிதம் கண்டவுடன் வாங்கி, வெள்ளிக்குள் வரும்படி கூரியரில் அனுப்பவும். கறுப்பு நிறம், மூலை வட்டம், ஆறரை இஞ்ச், ஒரு நூல் கூடவோ குறையவோ இருக்கக் கூடாது. இதைப் பற்றிப் பழைய போனில் கூப்பிட வேண்டாம், மாடிப்படி வரைக்கும் கேட்கும். இன்னொன்று. அன்று நீங்கள் பேசுவதற்கு நான் இடம் விட்டேனே தவிர, என்ன பேசினீர்கள் என்று யோசிக்கவில்லை. அதனால் என்ன பேசினீர்கள் என்பதை நீங்களே யோசித்து, போனோடு எனக்கும் எழுதி அனுப்பவும். கொஞ்சம் மரியாதையாகவே பேசியிருங்கள், மாமா.