ரொட்டியில் பதிந்த விரல்கள்

வைத்தியரிடம் பொய்யே சொல்லாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களைக் கும்பிட நான் தயார். மருந்தை நேரத்துக்குக் குடித்தேன், சொன்ன பயிற்சியெல்லாம் செய்தேன் என்று தலையாட்டும்போது எனக்குக் குரல்கூடத் தடுமாறுவதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பிடிபட்டேன். அன்று என்னைக் காட்டிக்கொடுத்தது நானே பொதி கட்டிக் கொண்டுபோன ரொட்டி.

முதலில் கை முறிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். (எங்கள் ஊர் அக்கராயனில் இதற்கு இரண்டு கதைகள் உலாவுகின்றன.) என் கதையின்படி, வயலுக்குள் காட்டுப்பன்றி புகுந்தது, விரட்டப் போய் வரம்பில் விழுந்தேன். என் மனைவி சாந்தியின் தம்பி குகன் சொல்லும் கதையின்படி, அவன் வளர்த்த வான்கோழி என்னைத் துரத்தியது, நான் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி அவன் வீட்டு முற்றத்திலேயே விழுந்தேன். அவன் கதைக்குத்தான் சாட்சிகள் அதிகம். எப்படியோ, வலது மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்டருக்குள் கிடந்தது.

பிளாஸ்டரை வெட்டியபோது வெளியே வந்த கையைப் பார்த்து, ஆள் மாறி வேறு யாருடைய கையையோ தந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். மெலிந்து, விறைத்து, ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாமல் நடுங்கியது. புரட்டாதி பிறந்துவிட்டது. மழைக்கு முன்னால் மூன்று ஏக்கரையும் உழுது புழுதியில் விதைத்து முடிக்க வேண்டும். வீட்டில் இரண்டு சில்லு உழவு மெசின் நின்றது. துள்ளுகிற அதன் கைப்பிடியை அடக்க நல்ல கை இரண்டு வேண்டும். என்னால் முடியாவிட்டால் குகன் உழுவான். உழுதுவிட்டு ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். வான்கோழியோடு இதுவும் சேர்ந்தால் நான் குடும்பத்தோடு மல்லாவிப் பக்கம் குடிபோக வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண். எல்லோருக்கும் ‘பிசியோ மிஸ்’. பச்சை நிறக் களி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துப் பிசையச் சொன்னார். களி அப்படியே இருந்தது, எனக்குத்தான் வியர்த்தது.

“மெசின் எப்ப பிடிக்கலாம் மிஸ்?”

“அது உங்கட கையிலதான் இருக்கு, அங்கிள். வீட்டில ரெண்டு சுண்டு கோதுமை மாவை எடுத்துக் குழையுங்கோ. காலமை ஒருக்கா, பின்நேரம் ஒருக்கா.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “பயிற்சி செய்தனாங்கள் எண்டு எல்லாரும்தான் சொல்லுவினம். வாற கிழமை நீங்கள் குழைச்ச மாவில ஒரு ரொட்டி சுட்டுக்கொண்டு வாங்கோ, பாப்பம்.”

எங்கள் வீட்டில் குழைத்த மாவைக் கொட்டும் வழக்கம் கிடையாது. (ஒரு பிடி மாவுக்கு வரிசையில் நின்ற காலம் சாந்திக்கு இன்னும் மறக்கவில்லை.) ஆகவே நான் எதைக் குழைத்தாலும் அதை வீடு தின்றே ஆக வேண்டும். காலையில் ரொட்டி, பின்நேரமும் ரொட்டி. அந்த ரொட்டியைச் சம்பலில் தொட்டால் சம்பல்தான் நசுங்கியது. நாய் முதல் நாள் வாங்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் புதைத்தது, இரண்டாம் நாள் என்னைக் கண்டதும் எழும்பிப் போய்விட்டது.

மூன்றாம் நாள் மகள் ரொட்டியைக் கோப்பையில் தட்டிக் காட்டினாள். “அப்பா, இதைக் கடிச்சா பிறகு என்ர பல்லுக்கும் பிசியோ வேணும்.”

சாந்தி குசினிக்குள் வந்து என்னை இடுப்பால் தள்ளினாள். “இஞ்சாருங்கோ, அங்கால போங்கோ. உங்கட கை சுகமாக முந்தி எங்கட வயிறு பழுதாப் போடும்.”

நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மா குழைக்கக் குழைக்க மணிக்கட்டு உயிர்போக வலித்தது. அன்றிலிருந்து சாந்தி குழைத்தாள், நான் கதிரையில் இருந்து தண்ணீர் போதுமா, உப்புப் போதுமா என்று மேற்பார்வை பார்த்தேன். கிழமை முடிவில் அவள் சுட்ட ரொட்டிகளில் வடிவான ஒன்றைத் தெரிந்தெடுத்து, வாழையிலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மிஸ் பொதியைப் பிரித்தார். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மணக்க, வாங்கிலில் இருந்த நோயாளிகள் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்தார்கள்.

“அட, நல்ல மெத்தெண்டு இருக்கே அங்கிள்! இப்பிடிக் குழைக்கிறீங்கள் எண்டா வாற கிழமையே மெசின் பிடிச்சுப் பாக்கலாம் போல.”

மனதுக்குள் நான் அரை ஏக்கர் உழுதுவிட்டேன். வரம்பில் குகன் வாயடைத்து நிற்பதுகூடத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மிஸ் ரொட்டியை ராக்கம்மா அக்காவிடம் நீட்டினார்.

ராக்கம்மா அக்கா தர்மபுரத்துக்காரி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். விரல் விறைப்புக்காகக் கிளினிக் வருகிறவர். பிறந்ததிலிருந்து ரொட்டி தட்டிய கை அவருடையது. அவர் ரொட்டியைத் தின்னவில்லை. யன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“யாருங்க ஐயா இதத் தட்டினது?”

“நான்தான் அக்கா.”

“அப்ப கையக் கொஞ்சம் குடுங்க.”

தேங்காய்ப்பூ ரொட்டியை நாங்கள் உருளைக்கட்டை வைத்து உருட்டுவதில்லை, விரலால் தட்டுவோம். தட்டிய விரல்களின் பள்ளம் சுட்ட பிறகும் அப்படியே தெரியும். அக்கா ரொட்டியை மேசையில் வைத்து, என் விரல்களைப் பிடித்து அந்தப் பள்ளங்களின் மேல் வைத்தார். மெலிந்தாலும் என் விரல் கதலிப்பழ அளவு. ஒரு விரல் இரண்டு பள்ளங்களை மூடிக்கொண்டு நின்றது.

“ஐயாவோட ஒரு வெரலு ரெண்டு குழிய அடைக்குதுங்களே. இது பொம்பள வெரலு மிஸ். இங்க பாருங்க, கோடு மாதிரி ஒண்ணு. மோதிரம் பட்டிருக்கு.”

என் கையில் மோதிரம் இல்லை. அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. தோள் நோவுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். (ஒரு மாதமாக மிஸ் கெஞ்சியும் அசையாத தோள் அது.)

“மனுசி சும்மா பக்கத்தில நிண்டவா...” என்று தொடங்கினேன். அது எனக்கே எடுபடவில்லை.

“பரவாயில்லை அங்கிள்,” என்றார் மிஸ். “ஆன்ரியின்ர கை நல்ல சுகம். மெசின் பிடிக்கலாம் எண்டு ஆன்ரிக்கே எழுதித் தாறன்.”

வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன. சிரிப்பு அடங்கியதும் மிஸ் என் கையை எடுத்து மெல்ல மடக்கினார். பாதியிலேயே நின்றது. “இப்ப நோகுது எண்டு விட்டீங்கள் எண்டா இது இப்பிடியே இறுகிப் போயிடும். பிறகு நானும் ஒண்டும் செய்யேலாது,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை பஸ்ஸில் அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பயமாக இருந்தது.

அன்று பின்நேரமே மாச்சட்டியை நானே எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு குழைத்தேன், சில நாள் கண்ணீரும் வந்தது. (வெங்காயம் என்று மகளிடம் சொன்னேன்.) வீட்டாரும் என் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுத் தின்று, என் கைக்காகத் தங்கள் வயிற்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு ரொட்டி போனது. மிஸ் கையைப் பரிசோதிப்பார், ராக்கம்மா அக்கா ரொட்டியைப் பரிசோதிப்பார்.

மெசின் குகன் கைக்குத்தான் போனது. அவன் உழுதான், நான் வரம்பில் தேத்தண்ணியும் என் ரொட்டியும் கொண்டுபோனேன். ஒரு துண்டைக் கடித்தால் கால் மணித்தியாலம் மெல்லுவான், அதுவரை வான்கோழிக் கதை வராது. அந்த ஆறுதலாவது எனக்கு இருந்தது.

கடைசி மூலையில் அரை ஏக்கர் கிடந்தபோது குகன் மெசினை நிறுத்தினான். “பெல்ட் பிஞ்சு போச்சு அத்தான். பிறகு பாப்பம்.”

போய்ப் பார்த்தேன். பெல்ட் புதிதாக, ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது. அந்த மூலையை எனக்கென்றே விட்டுவைத்திருக்கிறான்.

அடுத்த கிளினிக்கில் ராக்கம்மா அக்கா வழக்கம்போல ரொட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். தன் விரலை ஒரு பள்ளத்துக்குள் வைத்தார். “எம் வெரலு உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு மிஸ். இது ஐயா கைதான். விட்ருங்க, பாவம்.” மிஸ் கையை மடக்கி, திருப்பி, பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இனி மெசின் பிடிக்கலாம். ஆறுதலா, விட்டு விட்டுப் பிடியுங்கோ,” என்றார். மறுநாள் அந்த அரை ஏக்கரை நான் உழுதேன். சால் நேராக வரவில்லை. விதைத்து இரண்டாம் நாள் மழை பிடித்தது. சின்னப்பிள்ளை மாதிரி முற்றத்தில் நின்று நனைந்தேன்.

நெல்லைத் தவிர ஒன்றும் விளையாத அந்த மூலைக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை ‘ரொட்டி வயல்’ என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி நிரந்தரமாக என் பொறுப்பு. நான் எதையாவது செய்து முடித்தேன் என்று சொன்னால் மகள் உடனே, “விரலை வையுங்கோ அப்பா, பாப்பம்,” என்பாள்.

போன போகத்தில் ரொட்டி வயலில் வெட்டிய நெல்லைக் குத்தி ராக்கம்மா அக்காவுக்கு ஒரு பை அரிசி கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் போன் எடுத்தார்.

“அரிசி நல்லாருக்குங்க ஐயா. ஒழுதது யாரு?”

“நான்தான் அக்கா!”

“சரிங்க, சரிங்க,” என்று சிரித்தார். “வெரல வச்சுப் பாக்க வழியில்லையே, நம்பித்தானே ஆவணும்.”