நான் வாசித்த ஓலை

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இப்போதெல்லாம் அதை மறைப்பதில்லை. ஒரு தடவை மறைத்துப் பார்த்துப் பட்ட பாடே ஆயுசுக்கும் போதும்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் சபையில் கிறிஸ்மஸ் வாரத்துச் சனிக்கிழமை மாலையில் கிறிஸ்மஸ் மர விழா நடக்கும். பாட்டும் நாடகமும் முடிந்ததும் டெய்சி எழுந்து ஒரு கதை வாசிப்பாள். டெய்சி எங்கள் பள்ளி ஹெட்மாஸ்டரின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். அன்றிலிருந்தே என்னைவிட இரண்டு மார்க் அதிகம்.

அவள் கதைகள் எல்லாம் ஒரே கதைதான். ஒரு ஏழை வீடு, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், பற்றவைக்காத அடுப்பு, ஜெபிக்கும் தாய். அப்போது கதவு தட்டப்படும். ஒரு வருஷம் காணாமல் போன மகன் நிற்பான், அடுத்த வருஷம் வேலை உத்தரவோடு தபால்காரர், அதற்கடுத்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து மாமா. (அந்த மாமா பதினைந்து வருஷம் ஒரு கடுதாசிகூடப் போடாதது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.) கதவு தட்டப்பட்டதுமே கூட்டத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்துவிடும். என்னைப் பெற்றவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு டெய்சிக்காக அழுவாள். எனக்கு வயிறு பற்றி எரியும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ராஜன் அழுதுவிட்டார்.

ராஜன் எங்கள் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். பெருங்களத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து, தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து, பட்டணத்தில் ஒரு ஆபீசுக்குப் போவார். தினமும் ஸ்டேஷன் வாசலில் ஓடுகிற ஓட்டத்திலும் எனக்கு ஒரு "குட்மார்னிங் டீச்சர்" சொல்வார். அந்தக் குட்மார்னிங்கை வைத்து நான் கல்யாணம், இரண்டு குழந்தைகள், சேலையூரில் மாடி வீடு வரை கட்டி முடித்திருந்தேன். அப்படிப்பட்டவர் சிங்கப்பூர் மாமா கதவைத் தட்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அடுத்த கிறிஸ்மஸுக்குக் கதை வாசிக்கப் போவது நான்தான் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

போதகரிடம் போய், "ஒருத்தரே வாசிச்சா மத்தவங்க திறமை, தாலந்தெல்லாம் மண்ணுக்குள்ளதானே ஐயா கிடக்கும்?" என்று வேதாகம வாசனையோடு கேட்டேன். அனுமதி கிடைத்தது. டெய்சியும் சிரித்த முகமாக விட்டுக்கொடுத்தாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையில் அறிவிப்பதுதான் ஓலை. கதவு தட்டும் உரிமை டெய்சியிடம் இருந்ததால் நான் ஓலையைப் பிடித்தேன். ஓர் ஏழைப் பெண். கிறிஸ்மஸ் ஆராதனையில் திடீரென்று அவள் பெயருக்கே ஓலை வாசிக்கப்படுகிறது. அவள் மனதுக்குள் விரும்பியவரே ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறார். (பெண்ணுக்கே தெரியாமல் எப்படி ஓலை வாசிப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் உண்டு. பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், கூப்பிட வீட்டுப் பெயர். ராஜனின் ஞானஸ்நானப் பெயர் தேவசகாயம் என்று அவருடைய பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பார்த்திருந்தேன். கதாநாயகனுக்கு அதையே வைத்தேன். அவருக்கு மட்டும் புரியட்டும் என்று. கதாநாயகிக்கு ஸ்டெல்லா என்று என் பெயரை வைக்க வெட்கம். அதனால் உயிரோடிருக்கும் எவளுக்கும் இருக்க முடியாத ஒரு பெயராகத் தேடி, 'ஞானப்பூ' என்று வைத்தேன்.

விழா மேடையில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, போதகர் குரலிலேயே ஆரம்பித்தேன்.

"பெருங்களத்தூர் தேவசகாயத்துக்கும், தாம்பரம் ஞானப்பூவுக்கும் பரிசுத்த விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. எவருக்காவது நியாயமான தடை தெரிந்தால் அறிவிக்கலாம்."

ஆர்மோனியம் 'ஙொய்' என்றது. ராஜனின் முழங்கை கட்டைகளின் மேல் விழுந்திருந்தது. அவருடைய அம்மா திரும்பி ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். டெய்சி தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மிச்சக் கதையை இன்னும் சத்தமாக வாசித்தேன். ஒரு கைக்குட்டைகூட வெளியே வராததை அந்த மமதையில் கவனிக்கவில்லை.

விழா முடிந்து டீ கொடுத்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த மணி சொன்னான். "இன்னா டீச்சர், நீ படிச்ச கல்யாணத்தை அங்க நெசமாவே பேசிகினு கீறாங்க."

ராஜனின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ரொம்ப நாசூக்கா சொல்லிட்டேம்மா. ஹெட்மாஸ்டர் வீட்டுல எங்களைக் கேப்பாங்கன்னு நாங்க நினைச்சே பாக்கல."

அவர் நகர்ந்ததும் ஹெட்மாஸ்டர் வந்தார். "பையன் வீட்டுல நேரா கேக்கக் கூச்சப்பட்டு உன்னைத் தூது விட்டிருக்காங்க. அது புரியுது. ஆனா டெய்சியோட ஞானஸ்நானப் பேரு ஞானப்பூன்னு உனக்கு யார் சொன்னது? எங்க அத்தை பேரு அது. சபையில பழைய ஆளுங்களுக்கு மட்டுந்தான் தெரியும், வெளியில சொன்னா டெய்சி சண்டைக்கு வருவா."

தற்செயல் என்று சொல்லலாம். சொன்னால் தேவசகாயம் எப்படி வந்தார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அப்புறம் நான் தாம்பரத்திலேயே இருக்க முடியாது.

"சும்மா தோணிச்சு சார்" என்றேன்.

"கர்த்தர்தான் தோண வச்சிருக்கார்" என்றார் ஹெட்மாஸ்டர்.

ராஜன் என்னிடம் வந்து, "தேங்க்ஸ் டீச்சர், மூணு வருஷமா டெய்சியைக் கேக்க எனக்குத் தைரியமில்ல" என்றார். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். என் கதைக்கு அழுத ஒரே ஆள் நான்தான்.

ஜனவரியில் அசல் ஓலை. மூன்றாம் ஞாயிறு போதகர், "தடை இருந்தால் அறிவிக்கலாம்" என்று சொல்லி நிறுத்திய அந்த நொடியில் எனக்கு இருமல் வந்தது. (நிஜமான இருமல். சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதம் சொல்வதால் பண்ணவில்லை.) சபை மொத்தமும் திரும்பியது.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று போதகர் கேட்டார்.

"இல்லீங்கய்யா. தொண்டை."

அடுத்த கிறிஸ்மஸுக்குத் திருமதி டெய்சி ராஜன் இதையே கதையாக வாசித்தாள். எதிர்பாராத பாக்கியத்தைக் கொண்டுவந்த ஒரு தோழியின் கதை. கதவு தட்டவே இல்லை. ஆனாலும் எல்லோரும் அழுதார்கள். "கதைன்னா இது கதை" என்றாள் என் அம்மா.

அவர்கள் பிள்ளைகளுக்கு நான் இன்றும் 'தடை ஆன்ட்டி'. யாருக்கு ஓலை வாசித்தாலும் போதகர் நிறுத்தும் இடத்தில் எங்கள் வரிசை முழுவதும், என் கணவர் உட்பட, என்னைத் திரும்பிப் பார்க்கும். போன வாரம் அவர்கள் பேத்திக்கு ஓலை. வெளியே வந்ததும், "என்ன டீச்சர், இந்தத் தடவையும் தடை இல்லையா?" என்றார் ராஜன். டெய்சி அவர் கையில் செல்லமாகக் கிள்ளினாள்.

அந்தக் கிள்ளலைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.