கார்பன் பதிமூன்று அண்ணாச்சி

இந்த சீசனில் ஐந்தருவிச் சாலையில் இரண்டு கூட்டம். ஒன்று தலையில் தண்ணீர் விழ நிற்கிறது. இன்னொன்று கையில் சிறுநீர்க் குப்பியோடு நிற்கிறது. இரண்டாவதுதான் பெரிது.

அந்தக் கூட்டத்தின் நாயகர் லிங்கேஸ்வரன். போன சீசனில் இதே கடையில் முடி வளரும் தைலம் விற்றார். அவர் தலையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த ஆண்டு விஞ்ஞானி. வெள்ளைக் கோட்டு, வாசலில் 'ஐசோடோப் ஆய்வு நிலையம்' என்று பலகை.

அவர் தரும் பாட்டிலில் அடையாளம் போட்ட சர்க்கரை இருக்கிறதாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்துவிட்டு, மறுநாள் சிறுநீரோடு வரவேண்டும். அந்தச் சர்க்கரை உடம்பில் எங்கே போயிற்று, என்னவாக மாறிற்று என்று அவருடைய கறுப்புப் பெட்டி ஒளிவிட்டுச் சொல்லும்.

என் அக்கா சுகந்திக்கும் சொல்லிற்று. "செல்லு எல்லாம் சுத்தமாயிட்டு, இனி இன்சுலின் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. அன்றோடு அக்கா ஊசியை நிறுத்தினாள். இப்போது நாக்கு வறண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா."

"போடி. அங்கன மறுபடியும் ஊசியத்தான் நீட்டுவாவ. அண்ணாச்சிதான் எனக்கு விடுதலை கொடுத்திருக்காவ."

விடுதலை. அந்தச் சொல்லில் நான் தடுமாறிப்போனேன். அவள் வயிற்றில் ஊசி குத்திய தடங்களைத் தினமும் பார்க்கிறவள் நான். அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடக்கூடாதா என்று எனக்குள்ளும் ஒரு மூலை ஏங்கியது. லிங்கேஸ்வரன் விற்றது எங்கள் ஆசையைத்தான். பாட்டில் மட்டும் அவருடையது.

பக்கத்து வீட்டு பெர்சிஸ் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள்.

"ஐசோடோப் பொய்யில்லக்கா. கார்பன் பதிமூணுங்கிற கொஞ்சம் கனம் கூடுன கார்பனைச் சர்க்கரையில சேத்துக் கொடுப்பாவ. அந்தக் கனம் பிறகு உடம்புல எந்தெந்தப் பொருளுக்குப் போயிருக்குன்னு பெரிய மெஷின்ல நிறுத்துப் பாப்பாவ. ஆனா அது கனக்கும், மினுங்காது."

"நீ படிச்ச காலத்துல மினுங்கலையோ என்னமோ" என்றாள் அக்கா.

"சரி, குடிச்சாத்தான அடையாளம் உள்ள போவும்?"

"ஆமா. அண்ணாச்சியே அப்படித்தான் சொல்லுதாவ."

"அப்ப குடிக்காதவளுக்கு?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எங்களோடு வந்தாள்.

பெர்சிஸ் ஒரு பாட்டில் வாங்கினாள். போலி வந்துவிடக்கூடாது என்று அண்ணாச்சியே மூடிமேல் முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். அவர் உள்ளே போனதும், வாசலில் டோக்கன் கொடுக்கும் மாரிச்செல்வியிடம் பெர்சிஸ் அந்தப் பாட்டிலைக் கொடுத்தாள். "இங்கனயே இருக்கட்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்." அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் பெர்சிஸின் குப்பி பெட்டிக்குள் போனது. பெட்டி நீலமாக மினுங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியளா! கார்பன் பதிமூணு கல்லீரல்ல சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. ஒரு சொட்டு விடாம குடிச்சிருக்கிய."

"ஒரு சொட்டுகூடத் தொடல, அண்ணாச்சி. மாரிச்செல்வி, என் பாட்டிலக் கொண்டாம்மா."

பாட்டில் வந்தது. முத்திரை கிழியவில்லை. கையெழுத்து அப்படியே இருந்தது.

"பக்கத்துல நின்னாலே ஏறிரும் போல" என்றார் வடகரையிலிருந்து வந்திருந்த ஒருவர், மிகுந்த பக்தியோடு.

அண்ணாச்சி அதைத் தாவிப் பிடித்தார். "அதேதான்! எல்லாம் அலை!"

"அப்ப என்னை எதுக்குக் குடிக்கச் சொன்னிய?"

கேட்டது அக்கா. அண்ணாச்சி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

பெர்சிஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று உள்ளே எரிந்தது. "இந்த வெளிச்சத்துல யாரோட சிறுநீரும் மினுங்கும்."

"கரண்டு போயிட்டு, பாக்கிப் பேரு நாளைக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி பின்வாசல் பக்கம் நகர்ந்தார். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். "தென்காசி ஆஸ்பத்திரிக்கு விடுப்பா" என்று அக்காவே சொன்னாள்.

பாதிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. டோக்கன் வாங்கியாயிற்றே!

அக்கா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள். "ஏன் நிக்கிய? மூளையையும் குப்பியில ஊத்தி அவர்ட்ட கொடுத்துட்டியளோ? கொடுத்திருந்தா, போய்த் திருப்பி வாங்குங்க."