ஓர் ஊசியில் ஐந்து சீட்டுகள்

நாங்கள் ‘பூச்சியர்’ என்று அழைத்த பூச்சி ஆய்வாளரைப் போல ஆளைக் குழப்பக்கூடிய மனிதர் யாழ்ப்பாணத்தில் முன்பும் இருந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை.

அவருடைய ஆய்வுகூடத்தில் நான் தற்காலிக எழுதுவினைஞன். செடிச்சாறு குடிக்கும் ஒரு பூச்சிப் பேரினத்தில் உண்மையில் எத்தனை இனங்கள் உண்டு என்று திருத்தி எழுதுவது அவர் வேலை. எல்லாம் எள்ளளவு, எல்லாம் பச்சை. திங்கட்கிழமை, “உது மூண்டு இனம் தம்பி” என்பார். மூன்று பெயர்ச்சீட்டு எழுதுவேன். புதன்கிழமை எல்லாம் ஒன்றாகிவிடும். வெள்ளிக்கிழமை ஐந்து.

“சேர், அதே பூச்சிதானே?”

“ஓம். பூச்சி மாறேல்லை. நான்தான் மாறிப்போனன்.”

ஒருநாள் அரியாலையில் கத்தரித் தோட்டமொன்றில் வலையோடு நின்றோம். தோட்டக்காரர் மருந்துத் தாங்கியோடு வந்தார். பூச்சியர் குறுக்கே பாய்ந்தார்.

“ஐயோ, அடிச்சுப் போடாதையுங்கோ! நான் இன்னும் இதுக்குப் பேர் வைக்கேல்லை!”

தோட்டக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, “உவருக்கு வீட்டிலை ஆக்கள் இருக்கினமோ?” என்றார்.

பிறகு அவர் ஏதோ கூட்டத்துக்குக் கொழும்பு போனார். நான் பெட்டியொன்றைத் துப்புரவாக்கினேன். ஊசி உச்சியில் பூச்சி, அதன் கீழே பிடித்த இடம், பழைய பெயர்கள் என்று நாலைந்து சீட்டுகள். கடைசிப் பெயரை மட்டும் விட்டு, மற்றதெல்லாவற்றையும் கழற்றி எரித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

திரும்பி வந்தவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“தம்பி, பழைய சீட்டு பிழையெண்டாலும் கழட்டக் கூடாது. கீழை புதுசு குத்தவேணும். இதுகள் எங்கை பிடிச்சதெண்டு இனி ஆருக்குத் தெரியும்?”

ஊர் தெரியாத பூச்சி ஆய்வுக்கு உதவாதாம். எனக்கோ அடுத்த மாதம் நிரந்தர நியமனம். அதற்கு முன் மேலிடத்தார் பெட்டிகளைப் பார்வையிட வருவார்கள். வேலை போனது என்றே முடிவுகட்டினேன். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏன் என்று விளங்காமலே நிரந்தரமானேன். பிறகு நெல்லியடி, தொண்டைமானாறு என்று அலைந்து அதே வகைப் பூச்சிகளை மறுபடி பிடித்தோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவே இல்லை.

அவர் ஓய்வுபெற்றுப் போனபின், போன மாதம்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வோர் ஊசியிலும் அவருடைய பொடிக் கையெழுத்து:

“இடம் தெரியாது. சீட்டுகளைத் தொலைத்தவன் நானே.”

தொண்டைமானாற்றின் எந்தக் கரையில் பிடித்தது என்று நிச்சயமில்லாமல் ஊர்ப்பெயர்கூட எழுதாத மனிதர் அவர். மேலிடத்தார் வருமுன்பே எனக்காகப் பெட்டி நிறையப் பொய் எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னபடியே, எதையும் கழற்றவில்லை. ஒவ்வொன்றின் கீழும் புதுச் சீட்டொன்று குத்தினேன்:

“தொலைத்தவர் அவர் அல்லர். நான்.”