மேல்தெரு மோட்டார்

தன்னுடைய மோட்டாரை நிறுத்திய பிறகும் யுவராஜுக்கு மோட்டார் சத்தம் கேட்டது.

காதைக் குடைந்துகொண்டு மறுபடி கேட்டான். சத்தம் நிஜம்தான். மலைமேல் வாழவந்தி நாட்டில் இருந்த அந்தச் சின்ன ஊரில் மாவு மில் என்றால் கீழ்த்தெருவில் அவனுடையது ஒன்றுதான். சத்தமோ மேல்தெருவிலிருந்து வந்தது.

கேழ்வரகுச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மாராயி மில்லைத் தாண்டிப் போனாள்.

"ஏனுங்க அத்தை, சாக்கோட எங்க போறீங்க?"

"மேல்தெருவுக்குச் சாமி. நம்ம சுகுணா புது மில்லு போட்டிருக்குது. நீ நாளைக்கு வா, நாளன்னிக்கு வான்னு சொல்ற. அது நின்னமேனிக்கு அரைச்சுக் குடுக்குது."

சுகுணா, கணவர் இறந்த பிறகு சேந்தமங்கலத்திலிருந்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள். தையல் மெஷின் வைப்பாள் என்றுதான் ஊர் நினைத்தது. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாத யுவராஜுக்கு அந்த மில்தான் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். அது ஓடாவிட்டால் மலையிறங்கி நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கத்தான் போக வேண்டும்.

அன்று மாலையே அரைவைக் கூலியைக் குறைத்தான். மறுநாள் சுகுணாவும் குறைத்தாள். அவன் பாதியாக்கினான். அவளும் பாதியாக்கி, மாவைச் சலித்தும் கொடுத்தாள். அவன் மொபெட்டில் வீடு வீடாகப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்தான். அவள் அரைத்த மாவை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பானையில் கொட்டிவிட்டு வந்தாள்.

ஊர் சொகுசு கண்டுவிட்டது. மாராயி ஒரே சாக்கைப் பாதிப்பாதியாகப் பிரித்து இரண்டு மில்லிலும் அரைத்தாள்.

"சுகுணா அரைச்சது பூவாட்டம் இருக்குது கண்ணு. உன்னுது மணலாட்டம் நறநறங்குது. இன்னொருக்கா ஓட்டிக் குடு."

ஆத்திரத்தில் யுவராஜ் ஒரு பலகை எழுதி வைத்தான்: 'அரைவை இலவசம்.'

மறுநாள் மேல்தெருவிலும் பலகை முளைத்தது: 'அரைவை இலவசம். டீயும் உண்டு.'

திருப்புலி நாட்டிலிருந்துகூட ஆட்கள் சாமைச் சாக்கோடு வந்துவிட்டார்கள். இரண்டு மோட்டார்களும் நாளெல்லாம் அலறின. வேலை மலையாகக் குவிந்தது, கல்லாவில்தான் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தால் அவள் மூடிவிடுவாள் என்று யுவராஜ் நினைத்தான். அவளும் அதையேதான் நினைத்தாள்.

திடீரென்று ஒரு நாள் கரண்ட் போனது.

டிரான்ஸ்பார்மருக்கு எதிர்வீட்டில் குடியிருந்த லைன்மேன் அண்ணாமலை பீஸ் கட்டையைப் போட்டார். இரண்டு மோட்டாரும் ஓடிய கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது. அவர் இருவரையும் டிரான்ஸ்பார்மருக்கடியில் கூப்பிட்டு நிறுத்தினார். இத்தனை சண்டைக்குப் பிறகும் இருவரும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை. இருவருமே டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு மில்லும் ஒண்ணா ஓடுனா இது தாங்காதுங்க" என்றார் அண்ணாமலை. "முறை வெச்சு ஓட்டுங்க. ஒருத்தர் நிறுத்திட்டுப் போன் பண்ணோணும், அப்புறம்தான் அடுத்தவங்க போடோணும். நம்பரை வாங்கிக்குங்க."

முதல் போன் சுகுணாவிடமிருந்து வந்தது.

"நிறுத்திட்டனுங்க."

"செரிங்க."

அவ்வளவுதான். அரை நாள் ஓட்டத்தில் இலவசம் கட்டுப்படியாகவில்லை. பலகைகள் இறங்கின, கூலி ஏறியது. "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்று மாராயி சண்டைக்கு வந்தாள். அப்போது அவர்கள் அப்படியொன்றும் பேசியிருக்கவில்லை. பேச்சு அதற்குப் பிறகுதான் வளர்ந்தது.

"நிறுத்திட்டனுங்க. மழை இருட்டுது, மாவை மூடி வெச்சுக்குங்க."

"நீங்க ஏன் இப்படி இருமறீங்க? மூக்குல துணி கட்டறதில்லீங்களா?"

"கட்டுனா மூச்சு முட்டுதுங்க" என்றாள் சுகுணா.

"மெல்லுசுத் துணியாக் கட்டோணும். நான் குடுத்து உடறனுங்க."

சாக்கோடு காத்திருந்த மாராயி பொறுமையிழந்தாள். "ஒரு சுச்சுப் போடறதுக்கு இத்தன பேச்சா சாமி?"

ஆடிப் பண்டிகைக்கு முந்தின நாள், ஊரே மாவுக்கு நின்றபோது, யுவராஜின் மெஷின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட்டுக்கு மலையிறங்க வேண்டும். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"என்ர பெல்ட் அறுந்துபோச்சுங்க. நாள் பூரா நீங்களே ஓட்டிக்குங்க. ஆளுங்களை அங்க அனுப்பறன்."

மேல்தெரு மோட்டார் நின்றது. சற்று நேரத்தில் சுகுணாவே மூச்சு வாங்க வந்து நின்றாள். மூக்கில் அவன் கொடுத்த துணி, தோளில் அவளுடைய மெஷினின் பெல்ட்.

"இப்ப உங்க முறைங்க."

"அப்ப உங்க மில்லு?"

"பெல்ட் இல்லாம எப்படிங்க ஓடும்? சாயந்தரம் கழட்டிக் குடுங்க, நான் ஓட்டிக்கறன்."

அவன் பெல்ட்டை வாங்கினான். மாட்டுவதற்குக் கைதான் வரவில்லை.

"ஏனுங்க, ஒரு பெல்ட்டே ரெண்டு மில்லுக்கும் போதும்னா... ஒரு மில்லே நம்ம ரெண்டு பேருக்கும் போதாதுங்களா?"

சுகுணா துணியை இறக்கினாள். முகத்தில் பாதி மாவு, பாதி சிரிப்பு.

"எந்த மில்லுங்க?"

"உங்க மில்லுதானுங்க. மாராயி அத்தையே சொல்லிருச்சு, நீங்க அரைச்சாத்தான் பூவாட்டம் இருக்குதாம்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் யுவராஜ் தானே சோறு போட்டுக்கொண்டு வந்தான். பக்கத்தில் சுகுணா ரசம் ஊற்றினாள். அண்ணாமலையின் இலைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள்.

"அண்ணா, இனி ஊருக்கு ஒரே மோட்டார்தானுங்க. உங்க டிரான்ஸ்பார்மர் பொழைச்சுக்கும்."

அண்ணாமலை அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார்.

"அது எட்டு மோட்டாரைத் தாங்குமுங்க. ரெண்டு பேரும் அழிஞ்சு போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிக்கட்டும்னு, அந்தப் பீஸைப் புடுங்குனதே நான்தானுங்க."