ஏழாவது ஆள் இறங்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள், கடையில் இருப்பவர்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. ஐந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, உன் அக்கா என்னோடு பேசுவதில்லை, இரண்டுக்கும் காரணம் நீ. பதறாமல் கடைசி வரை படி.

பத்து வருடத்துக்கு முன் என் மகன் பிறந்தநாளுக்கு மைக் வாங்கிக் கொடுத்தது யார்? நல்லதாக ஒரு சட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம். "பையன் சும்மா பாடட்டும் அத்தான்" என்றாய். அவன் எங்கே பாடினான்? மூச்சு விடாமல் பேசினான், கேட்டால் ராப் என்றான். மாடிப்படியில் எதிரொலி நன்றாக இருக்கிறதென்று அங்கேயே குடியிருந்தான். நான் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன், உனக்குத் தெரியும். பலகையில் ஆறு பேர் என்று போட்டிருந்தால் ஆறு பேர்தான். எண்ணுவேன், கடைசியாக ஏறியவர் என் மேலதிகாரியே ஆனாலும் இறக்கிவிடுவேன். மூன்று வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே கதவு மூடுகிற நேரத்தில் ஓடிவந்து ஏறினான் இவன். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "ஏழாவது ஆள் இறங்கு" என்றேன். வேறு பிள்ளையாக இருந்தால் படியேறி வந்திருப்பான். இவன் படியிறங்கிப் போய்விட்டான், வீட்டைவிட்டே.

மூன்றே மாதத்தில் பாட்டு வந்தது. பெயரே 'ஏழாவது ஆள் இறங்கு'. "கதவுகிட்ட நிக்கிறேன், காலு பாதி உள்ள, எண்ணுற வெரலுக்கு எம்மொகம் தெரியல" என்று ஆரம்பிக்கும். லட்சக்கணக்கான பேர் கேட்டார்களாம், கேட்கட்டும், ஆனால் நான் எந்த லிஃப்டில் கால் வைத்தாலும் உள்ளே நிற்கிற வாண்டுகள் என் முகத்துக்கு நேராகவே அதைப் பாட ஆரம்பித்துவிட்டன. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் மச்சான் நான், இந்த முட்டியை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகப் படியேறுகிறேன்.

அது போதாதென்று ஒரு டைரக்டர் அந்தப் பாட்டைப் படமாக எடுக்கக் கிளம்பினார். மகன் வேஷத்துக்கு வேறு ஆளாம், அப்பா வேஷத்துக்கு இவனாம். "உங்கப்பாவை உன்னைவிட யாருப்பா உத்துப் பாத்திருக்கா?" என்றாராம். உடனே என் மகன் துரை மாதிரி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து இறங்கினார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பத்து நாள் எதிரே உட்கார்ந்து, நான் இருமினால் எழுதினான், கண்ணாடியைக் கழற்றினால் எழுதினான். இங்கேதான் நான் புத்தி கெட்டுப் போனேன். உலகமே பார்க்கப்போகிறதே, நல்ல மனுஷனாகவே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தேய்த்த சட்டை போட்டேன், குரலைத் தாழ்த்தினேன், உன் அக்காவிடம், "கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா, உனக்கு சிரமம் இல்லன்னா" என்றேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு, "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று டாக்டரிடம் இழுத்துப் போனாள். இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள்.

அவன் போய் அந்தத் தேய்த்த சட்டைக்காரனையே நடித்திருக்கிறான். ஒரு வாரம் கழித்து அவன் அம்மாவுக்கு போன் வந்தது, அடுப்படி வாசலில் நின்று நானும் கேட்டேன். "இருபத்திமூணு டேக்கும்மா. இது யாரோ பேங்க் மேனேஜர், உங்கப்பா எங்கடான்னு டைரக்டர் கத்துறாரு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வரலன்னா வேற ஆளாம்." சொல்லிவிட்டு அழுதான் மச்சான். வீட்டைவிட்டுப் போனபோதுகூட அழாதவன். உன் அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டுத் தூக்கை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு போனேன். ஒரு பழைய ஆபீஸ் கட்டடம், நிஜ லிஃப்ட், ஆறு பேர் என்று பலகை. உள்ளே கேமரா, லைட், டைரக்டர், உதவியாட்கள் என்று மகனையும் சேர்த்துப் பத்துப் பேர். கதவு ஓரத்தில் என் நரைமுடியும் என் கண்ணாடியுமாக என் மகன். கதவு மூடப் போகும்போது மேலே 'டக்' என்று ஒரு சத்தம். வேறு யாருக்கும் அது சத்தமே இல்லை, எனக்குத் தெரியும், பிரேக் பிடி விடுகிற சத்தம் அது. லிஃப்ட் ஒரு சாண் இறங்கி நின்றது. கதவு நடுவே காலை வைத்து, "யாரும் அசையாதீங்க!" என்று கத்தினேன். டைரக்டர், "யோவ், யாருய்யா நீ? டேக் போயிட்டிருக்கு!" என்றார். "டேக் போகல, நீங்கதான்யா மொத்தமா போகப்போறீங்க!" என்றேன்.

ஒவ்வொருவராகத்தான் இறக்க வேண்டும், எண்ண ஆரம்பித்தேன். மகன் என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். சட்டையைப் பிடித்தேன். "ஒண்ணு. இறங்குடா! இறங்குடா கண்ணா!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவன் இறங்கிய பிறகும் சட்டையை விடாமலே மற்ற ஒன்பது பேரையும் எண்ணினேன், அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பத்தாவதாக டைரக்டர் வெளியே காலை வைத்ததும் லிஃப்ட் டீ பிளாஸ்க்கோடு அரை மாடி சரிந்தது. மகன்தான் முதலில் பேசினான். "சார், இப்ப கெடச்சிருச்சு. நான் இத்தனை நாளா அப்பாவோடது கோபம்னு நெனச்சிருந்தேன் சார். அது பயம்." அட்டையில் செய்த லிஃப்டை வைத்து அன்று சாயங்காலமே எடுத்தார்களாம், ஒரே டேக்.

அது நடந்து ஆறு மாதம் ஆயிற்று, படமும் தயார். இதுதான் என் புகார். முப்பத்திரண்டு வருடம் ஊரே என்னைப் பார்த்துப் பயந்தது. இனி நான்தான் பயந்தவன் என்று ஊருக்குத் தெரியப்போகிறது, அதுவும் இவ்வளவு பெரிய திரையில். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி, ஐந்து நாளைக்கு முன் ஆறு டிக்கெட் அனுப்பியிருக்கிறான். நான் போகமாட்டேன் என்றேன், அதிலிருந்து உன் அக்கா பேசவில்லை. நீ சனிக்கிழமையே வந்து என் இடத்தில் உட்கார். படம் முடிந்ததும் அவனைக் கையோடு கூட்டிப் போய் உன் டயர் கடையில் ஒரு வேலை போட்டுக் கொடு. இது அத்தானின் உத்தரவு.

உன் பிள்ளைகள் நோய் நொடியில்லாமல், மைக் கையில் படாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் போன் வந்தது, மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் போனுக்கு. "அப்பா, வர்றீங்கல்ல? நீங்க வரலன்னா நானும் உள்ள போகல, வெளியே படியில உக்காந்துக்கறேன்" என்றான். "படியில எதுக்குடா உக்காரணும், நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன். உன் டயர் கடை வேலையை வேறு யாருக்காவது கொடு. மைக் யார் வாங்கிக் கொடுத்தது என்று அங்கே எவராவது கேட்டால் நான்தான் என்று சொல்லப்போகிறேன், நீ காட்டிக்கொடுக்காதே. சனிக்கிழமை கிளம்பி வந்துவிடாதே. இருப்பது ஆறு இடம். அவனிலிருந்து ஆரம்பித்து எண்ணினேன்: அவன், நான், உன் அக்கா, மகள், மருமகன், பேத்தி. ஏழாவது ஆள் நீதான் மச்சான், இறங்கிக்கொள்.