நடுவில் நிறுத்தியதால் வந்த வினை

ஜனங்களைச் சிரிக்க வைக்கிறவனுக்குப் பேசத் தெரிந்தால் போதாது. எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் என் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை.

இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குத் தேயிலைத் தொழிற்சாலை வேலை; குடியிருப்பது லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். மாரியம்மன் திருவிழா நாடகத்தில் மற்றவர்கள் வேஷம் மாற்றும் இடைவெளியில், தனியாக நின்று பேசும் பபூன் நான்தான். (படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாக்கு அம்மன் கொடுத்தது.) 'தாயே, யார் மனசும் நோகக் கூடாது' என்று திருநீறு பூசிக்கொண்டு ஏறி, எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா தொடங்கி ஒருவர் விடாமல் நோகடிப்பேன்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு எல்லோரும் பயந்து கிடந்த வருஷம், அதையே மேடைக்குக் கொண்டுபோனேன். விசாரிக்கும் தொரையும் நான், பதில் சொல்லும் தொழிலாளியும் நான்.

"ஒன் ஊரு எது?"

"மூணாம் நம்பர் லயமுங்க தொரை."

"அதுக்கு முந்தி?"

"ரெண்டாம் நம்பர் லயமுங்க. கூரை ஒழுகுச்சு, மாத்துனாங்க."

"இந்தியாவுக்குப் போயிருக்கியா?"

"வருஷா வருஷம் போயிட்டு வாறேனுங்க."

இங்கே நிறுத்துவேன். 'ஐயோ, மாட்டிக்கிட்டான்' என்று கூட்டம் திகைக்கும். (போய்வருகிறவனை இந்த நாட்டுக்காரனாக ஏற்க மாட்டார்கள் என்பது லயத்துக் கோழிக்கும் தெரியும்.) எண்ணி மூன்று மூச்சு. பிறகுதான்: "கனவுலங்க! கப்பலை விட்டு எறங்கப் போறப்ப, விடிஞ்சுருச்சு, வேலைக்கு வான்னு பெரட்டுத் தப்பு அடிச்சுர்றாங்க!"

என் அக்கா தங்கம்மா சிரிக்கிற சிரிப்பில் மேளக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டு மாதம் கழித்து, நிஜமாகவே ஹட்டனுக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். என் மனு தேறினால் என் மனைவி புஷ்பத்துக்கும் கைக்குழந்தைக்கும் சேர்த்து இந்த நாடு சொந்தம். கிளம்பும்போது புஷ்பம் சொன்னாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கோமாளித்தனத்த கோயில்லயே வச்சுட்டுப் போங்க."

நான் கடல் தாண்டியதே இல்லை. 'இல்லீங்க' என்று ஒரே வார்த்தை. லொறியில் வழி நெடுக அதைத்தான் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர். எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் அக்காவும் மச்சானும், அவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"உன்ர ஊர் எது?" என்றார் மொழிபெயர்க்கிறவர்.

பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம். அக்கா! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அது அரசாங்கக் கந்தோராகத் தெரியவில்லை, திருவிழா மேடையாகத் தெரிந்தது.

"மூணாம் நம்பர் லயமுங்க தொரை."

வாங்கு முழுக்கச் சிரித்தது. இரண்டாம் நம்பர் லயத்தையும் சொன்னேன்.

"இந்தியாவுக்குப் போனதுண்டோ?"

"வருஷா வருஷம் போயிட்டு வாறேனுங்க."

நிறுத்தினேன். (பழக்கதோஷம்!) முதல் மூச்சில் அவர் மொழிபெயர்த்தார். இரண்டாம் மூச்சில் அதிகாரி எழுதினார். மூன்றாம் மூச்சுக்குப் பிறகு, "கனவுலங்க!" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்காகூட.

"கனவெல்லாம் எழுத ஏலாது. கையெழுத்தைப் போடு."

"அம்மன் சத்தியமா நான் போனதே இல்லீங்க" என்று அழாக்குறையாகச் சொன்னேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. புஷ்பம் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் "அடியே, நான் வந்து..." என்று இழுத்தேன். "முழுசா சொல்லுங்க. நடுவுல நிறுத்துனா எழுதிப்புடுவாங்க" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் யார் பேச்சை இழுத்தாலும் இதுதான்.

அக்கா வீட்டு மனுவும் தேறவில்லை. சில வருஷம் கழித்து அவர்கள் இந்தியப் பிரஜாவுரிமைக்கே எழுதிக் கொடுத்துக் கிளம்பினார்கள். ஹட்டன் ஸ்டேசனில் ரயில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கி நான் சிரிக்காம இருந்திருக்கலாம்டா" என்றாள். "நீ சிரிக்கலேன்னா நான் என்னத்துக்குக்கா பபூன்?" என்றேன்.

இப்போதும் திருவிழாவில் பேசுகிறேன். அதே இடத்தில் நிறுத்துகிறேன். கூட்டம் சிரிக்கிறது. மேளக்காரர்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அக்கா யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதச் சொல்லி அனுப்புகிறாள். சாமி படத்தடியில் வைத்து எடுத்து, நான்தான் சத்தமாக வாசிப்பேன். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்.

"தம்பி, நீ வருஷா வருஷம் இங்க வந்துட்டுப் போறதா கவர்மெண்டுலயே எழுதி வச்சிருக்காங்களே..."

அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிடுவேன்.

"நடுவுல நிறுத்தாதீங்க, எழுதிப்புடுவாங்க" என்பாள் புஷ்பம், அடுப்பைப் பார்த்தபடியே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிப்பேன்: "ஒரு வருஷமாச்சும் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போடா."